கையெழுத்துப் படியும் செம்மையாக்குநரும்

தமிழிற் 'பதிப்பு' என்றதும் நம் நினைவுக்கு வருவது ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளியும் முயற்சியாகும். 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை என்றோ மறைந்த புலவரது பாடத்தைத் தேடினார். அப்புலவர் எதிர்நின்று மறுத்துரைக்க வழியில்லை. உயிருடனிருக்கும் எழுத்தாளரது கையெழுத்துப் படியைச் செம்மையாக்கும் பணி இதனின்றும் வேறானது. அங்கு திருத்தம் என்பது இருவருக்கிடையிலான உறவாகும். இவ்வுறவு குறித்து நம் விமர்சனம் போதிய கவனஞ் செலுத்தவில்லை என்றே கூறவேண்டும்.

ரி. எஸ். எலியற்றின் 'பாழ்நிலம்' (1922) இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அதன் மூலப்படிகள் 1971இல் நூலாக வெளிவந்தபொழுது எஸ்றா பவுண்டின் பங்கு தெளிவாயிற்று. பவுண்ட் எப்பதிப்பகத்தின் ஊழியராகவும் நின்று அப்படிகளைத் திருத்தினாரல்லர். நான்காம் பகுதியில் ஏறத்தாழ 90 வரிகளுள் 10 வரிகளே எஞ்சின. எஞ்சியவற்றையும் நீக்கிவிடலாமா என எலியற் வினவியபொழுது, கவிதையின் அமைப்புக்கு அவை இன்றியமையாதன என்று தடுத்தவரும் பவுண்டே. எனினும், அவரது குறிப்புகள் அனைத்தையும் எலியற் ஏற்கவில்லை. இறுதி முடிவு கவிஞருடையதாகவே இருந்தது.

பவுண்டின் புகழில் மறைந்துவிடுவது எலியற்றின் மனைவி விவியனின் பங்கு. இலண்டன் தவறணையிற் பேசும் பெண்ணின் கூற்றுக்கு அவர் எழுதிக்கொடுத்த வரிகள் சில அச்சிலும் இடம்பெற்றன. அவை அப்பேச்சை இலக்கணத்துக்கு இணக்காது சாதாரண மக்களின் வாய்மொழிக்கு மேலும் நெருக்கமாக்கின.

ஈழத்தில் 1960களிற் படைப்பிலக்கியத்தின் பேச்சுத்தமிழ் 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டதை நாம் அறிவோம். வாதமாக அது தோற்றுவிட்டது; ஆயின் திருத்துபவரின் பேனாவில் ஓசையின்றி உயிர்த்திருக்கக்கூடும். தோட்டத் தொழிலாளியின் பேச்சைச் செந்தமிழாக்கும் திருத்தம், பிழை நீக்கம் போலத் தோன்றினும், உண்மையில் ஒரு வர்க்கத் தீர்ப்பேயாகும்.

எழுத்தாளர் தம் செலவிலேயே நூல் வெளியிடும் வழக்கம் மிகுந்த நம் சூழலிற் பதிப்பகஞ் சாராத செம்மையாக்குநரின் தேவை பெரிது. எழுத்தாளரிடமே ஊதியம் பெறும் அவருக்கு, புகழ்ந்துவிட்டு ஒதுங்குவதும் எளிது. தம் நடையைச் சுமத்துவதும் எளிது. எனவே, பிழைதிருத்தத்தையும் நடைமாற்றத்தையும் பிரித்துக் காட்டுதல், ஒவ்வொரு மாற்றத்துக்குங் காரணங் கூறுதல், மறுக்கும் உரிமையை எழுத்தாளரிடமே விடுதல் ஆகிய மூன்றையும் இப்பணியின் அடிப்படை நெறிகளாக நாம் வற்புறுத்துகின்றோம். இவை பேணப்படாவிடின், செம்மையாக்கம் எழுத்தாளர் தாமே கூலி கொடுத்து வாங்கும் தணிக்கையாகிவிடும்.