எழுதப்படாத இளமை: அறிவியல் புனைவுப் படங்களும் முன்கதை நாவல்களும்

தமிழ் அறிவியல் புனைவுப் படங்களின் நாயகர்கள் திரைக்கு வரும்போதே வளர்ந்து முடித்தவர்களாக வருகிறார்கள். ‘எந்திரன்’ (2010) தொடங்கும்போது விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்ற ரோபோவை உருவாக்கி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார். ‘24’ (2016) படத்தில் 1990இல் கைக்குழந்தையாகப் பார்த்த மணியை அடுத்துப் பார்க்கும்போது அவன் தேர்ந்த கடிகார மெக்கானிக். நடுவே 26 ஆண்டுகள். அந்தக் கை யாரிடம் பழகியது, முதலில் எதைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரியாமல் விழித்தது என்பதையெல்லாம் சொல்லத் திரையில் நேரமில்லை. அதைச் சொல்வதற்கென்றே ஒரு நாவல் வகை உலகில் வளர்ந்திருக்கிறது. படத்தை ஒட்டி, படத்துக்கு முந்தைய காலத்தை எழுதும் முன்கதை நாவல் அது. தமிழுக்கு அது இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பதே என் கட்சி.

இந்த வகையின் பலமும் பலவீனமும் தெரிய ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ஹான் சோலோவைப் பார்க்கலாம். 1977இல் வந்த முதல் படத்தில் அவன் விண்கலம் ஓட்டும் கடத்தல்காரன். வூக்கி என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த தோழன் செவ்பாக்கா உறுமும் மொழி அவனுக்குப் புரிகிறது. எப்படி என்று படம் சொல்வதில்லை. பிரையன் டேலி 1979, 1980 ஆண்டுகளில் எழுதிய மூன்று நாவல்கள் படத்துக்கு முந்தைய சாகசங்களோடு நின்றுகொண்டன. ஏ. சி. கிரிஸ்பின் 1997, 1998இல் எழுதிய மூன்று நாவல்களில் சிறுவயதுக்கே போனார். திருட்டுக் கும்பலிடம் சிக்கிய அநாதைச் சிறுவனை, கும்பலின் விண்கலத்தில் சமைக்கும் வூக்கிப் பெண்ணொருத்தி வளர்க்கிறாள். மொழி அவளிடமிருந்து வருகிறது. 2018இல் வந்த ‘சோலோ’ படம் அவனுக்கு வேறொரு இளமையைக் கொடுத்தது. அதையும் ஒட்டி ரே கார்சன் இளையோருக்காக ‘மோஸ்ட் வான்டட்’ நாவலை எழுதினார்.

முன்கதை எழுதுபவருக்குக் கை கட்டப்பட்டிருக்கிறது. நாயகன் சாக மாட்டான் என்று வாசகருக்குத் தெரியும். அதனால் ‘என்ன ஆகும்’ என்ற கேள்வி செத்துவிடுகிறது. ‘எப்படி ஆனான்’ என்ற கேள்வி மட்டுமே மிச்சம். சாதாரண எழுத்தாளர் துப்பாக்கி எங்கே வாங்கினான், சட்டை எங்கே தைத்தான் என்று கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். நல்ல எழுத்தாளர் படத்துக்கே தெரியாத ஒரு மனிதரைக் கொண்டுவருவார். கிரிஸ்பினின் சமையற்காரி அப்படிப்பட்டவள். அவளைப் படித்தபின் பழைய படத்தைப் பார்த்தால், நாயகனின் நட்பே வேறு அர்த்தம் கொள்கிறது.

திரையும் அச்சும் சேர்ந்து நடப்பது நமக்குப் புதிதன்று. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் பாதிக் கதையைச் சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லின. கதை வசனப் புத்தகங்களை மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று இருந்தது. அறிவியல் புனைவுக்கு நெருக்கமான முன்னுதாரணம் 1986இல் வந்த கமல்ஹாசனின் ‘விக்ரம்’. கடத்தப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணையைத் தேடும் கதை அது. சுஜாதா அதைக் குமுதத்தில் தொடர்கதையாக எழுத, ஓவியத்தின் இடத்தில் படத்தின் ஸ்டில்கள் வந்தன. கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து ‘2001’ படத்தையும் நாவலையும் ஒரே காலத்தில் உருவாக்கியதற்கு நெருங்கிய முயற்சி இது. அந்தப் படத்தில் ஹால் என்ற கணினி ஏன் கெட்டது என்று திரை விளக்காததை 1968இல் வந்த நாவல் விளக்கியது. தமிழ் வாசகரும் அப்படி வாரக் கணக்கில் காத்திருந்து படித்தவர்தான்.

சுஜாதாவிடம் முன்கதை நாவலுக்கு வேண்டிய இரண்டு பாதிகளும் இருந்தன. பாட்டி வீட்டில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்று, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் அவர். அதே செயின்ட் ஜோசப் கல்லூரியில் அதே காலத்தில் படித்தவர் அப்துல் கலாம். அக்னிபுத்ரா திரைக்கு வந்து மூன்றாண்டு கழித்து, 1989இல், கலாமின் தலைமையில் அக்னி ஏவுகணை உண்மையாகவே பறந்தது. ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் சித்திரை வீதியும் திண்ணையும் கிரிக்கெட்டும் கொண்ட இளமையைச் சுஜாதா எழுதினார். ‘விக்ரம்’, ‘எந்திரன்’ படங்களில் வளர்ந்த நாயகர்களுக்கு வசனம் எழுதினார். அந்த வீதியில் வளர்ந்த பையன் எப்படி வசீகரன் ஆகிறான் என்ற நாவல் மட்டும் எழுதப்படவில்லை. ‘எந்திரன்’ வெளிவருவதற்கு முன்பே, 2008இல் அவர் காலமானார்.

அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். ‘பாகுபலி’க்கு முன்கதையாக, இளம் சிவகாமியை வைத்து ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2017இல் வந்தது. அறிவியல் புனைவில் ‘கல்கி 2898 ஏடி’ படத்துக்கு முன்னோட்டமாக ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ 2024இல் வந்தது. ஆனால் அது அனிமேஷன் தொடர், புத்தகம் அன்று. தமிழில் வார இதழ்களின் தொடர்கதைப் பக்கங்கள் சுருங்கிவிட்டன. படம் வெளிவரும்போது டீசரும் டிரெய்லரும் போதும் என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள்.

‘எந்திரன்’ கதையிலேயே நாவலுக்கான விதை இருக்கிறது. வசீகரனின் குரு போரா, படத்தில் பொறாமை பிடித்த எதிரியாகத்தான் நமக்கு அறிமுகமாகிறார். அவர் மாணவனை நேசித்த நாள்கள் இருந்திருக்க வேண்டும். சீடன் தன்னைத் தாண்டிவிட்டான் என்று அவருக்கு முதலில் தெரிந்த தருணமும் இருந்திருக்க வேண்டும். அறிவியல் கற்றுக்கொள்வதன் மகிழ்ச்சியும் அதற்குள் முளைக்கும் கசப்பும் சேர்ந்த கதை அது. முந்நூறு பக்கங்களாவது கேட்கும்.

இங்கே திருச்சி தில்லை நகரில், கிராஸ் கிராஸாகக் கோச்சிங் சென்டர்கள் நிறைந்திருக்கின்றன. சுஜாதாவும் கலாமும் படித்த கல்லூரி சில கிலோமீட்டர் தூரம்தான். இயற்பியலை மதிப்பெண்ணாக மட்டும் பார்க்கப் பழகும் பிள்ளைகள், விஞ்ஞானி நாயகனின் படத்தை முதல் நாளே பார்க்கிறார்கள். அந்த நாயகனும் தேர்வில் தடுமாறியவன், ஒரு நல்ல வாத்தியாரிடம் தப்பாகக் கேள்வி கேட்டவன் என்று அவர்கள் படிக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் கதாபாத்திர உரிமையைத் தெளிவாக எழுதிக் கொடுக்கட்டும். பதிப்பகங்கள் அறிவியல் தெரிந்த இளம் எழுத்தாளர்களைத் தேடிப் பிடிக்கட்டும். அடுத்த அறிவியல் புனைவுப் படத்தின் பூஜை அன்றே அதன் முன்கதை நாவலும் எழுதத் தொடங்கப்பட வேண்டும்.