மலையேறிய பாடம்

சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேகமலை. நாம் ஏற ஏற, செல்போன் சிக்னல் இறங்கும். அது தெரிந்துதான் கீழேயே ஒரு பாடத்தை டவுன்லோடு செய்துகொண்டு போனேன். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.பாலகிருஷ்ணன் நடத்திய குவான்டம் இயற்பியல். 'பி.காம். படிச்சவனுக்கு இது எதுக்குய்யா?' என்கிறீர்களா? அதே சந்தேகத்தோடுதான் நானும் உட்கார்ந்தேன்.

மனுஷன் அசத்துகிறார்! கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் ஜாலம் கிடையாது. ஒரு சமன்பாட்டை எழுதி, அது ஏன் அப்படி இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும், எழுந்து போக மனசு வரவில்லை.

ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசின் பணத்தில் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விளைச்சல் இது. நுழைவுத் தேர்வு எழுதாமல், ஃபீஸ் கட்டாமல் ஐ.ஐ.டி. வகுப்பைப் பார்க்கலாம்.

நான் தங்கியிருந்த வீட்டுப் பெண், கீழே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: ''நானும் பார்த்திருக்கேன் சார். அவர் சொல்றப்ப புரியுது. நானா கணக்குப் போட்டா பாதியில நிக்குது. யார்ட்ட கேக்க?''

என் விமர்சனமும் இதுதான். அந்த வகுப்பில் இருக்கும் மாணவன் கையைத் தூக்கலாம். நம்மால் வீடியோவை நிறுத்தத்தான் முடியும்.

இது அவர்களுக்கும் தெரியும். 2014-ல் சான்றிதழ் படிப்பு வந்தபோது, வாராவாரம் வீட்டுப்பாடம், சந்தேகம் கேட்க வசதி, கல்லூரிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் என ஏற்பாடு செய்தார்கள். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை மத்திய அரசின் 'ஸ்வயம்' வழியாகவே படிக்கலாம் என்று 2021-ல் யு.ஜி.சி-யும் சொல்லிவிட்டது. சரி, உள்ளூர் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை? பேர் பதியவைப்பது, தேர்வுத் தேதியை ஞாபகப்படுத்துவது! கல்யாண வீட்டில் சொந்தத் தாய்மாமனை வாசலில் செருப்புப் பார்த்துக்கச் சொன்ன கதைதான்.

தேனி, போடி, உத்தமபாளையம், பெரியகுளம் கல்லூரி ஆசிரியர்கள் மாதம் ஒரு தடவை கூடட்டுமே. எந்த இடத்தில் நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள், எந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், எந்தச் சோதனையை நம்ம லேபிலேயே செய்யலாம் என்று பேசட்டும். ஐ.ஐ.டி-க்காரர்களும் திரையில் வந்து உட்காரட்டும். பேச அல்ல, காதுகொடுத்துக் கேட்க.

பாடம் மலை ஏறிவிட்டது, சந்தோஷம். வாத்தியார் மலையேறிவிடக் கூடாது!