ஆளற்ற முகப்புகள்: கட்டட ஒளிப்படக் கலையும் சென்னை நகரமும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் படமெடுத்தார். ஒரே படத்துக்குள் அடங்காத நீளம் என்பதால் கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக ஆக்கினார். சென்னை மாகாண அரசு அவரை 1856-இல் தன் ஒளிப்படக் கலைஞராக நியமித்திருந்தது. ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை என்று அவர் காகித நெகட்டிவ்களோடு அலைந்து எடுத்த படங்கள், தென்னகக் கட்டடங்களுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய ஒளிப்படச் சான்றுகளில் சேர்ந்தவை. செலவு அதிகம் என்று ஆளுநர் டிரெவெல்யன் அந்த வேலையைச் சில ஆண்டுகளிலேயே நிறுத்தினார்.

அந்தப் படங்களில் கோபுரம் இருக்கிறது, தூண் இருக்கிறது, குளம் இருக்கிறது. மனிதர்கள் மிக அரிது. கட்டடக்கலை படிக்கும் மாணவியாக, கல்லூரித் திட்டப்பணிக்காகச் சென்னையைப் படமெடுக்க இறங்கியபோது என்னை உறுத்திய விஷயம் இதுதான். டிரைப்புக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கேமரா சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஆனாலும் 'நல்ல' கட்டடப் படம் என்று எங்களுக்குக் காட்டப்படுவது இன்றும் ஆளற்ற முகப்புதான். இந்தக் கலைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. அது நம்மிடமிருந்து மறைப்பதும் சிறிதல்ல. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கலையின் பலம்

முதல் பலம், இழப்பை எதிர்கொள்ளும் ஆற்றல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. அந்தச் செங்கல் வளைவுகள் எப்படி இருந்தன என்று என் தலைமுறைக்குத் தெரிவது படங்களால்தான். வரைபடம் அளவைச் சொல்லும். சுவரில் வெயில் எப்படி விழுந்தது, காரை எங்கே உதிர்ந்திருந்தது என்பதையெல்லாம் படம்தான் சொல்லும்.

இரண்டாவது, அது ஒரு கட்டடத்துக்கு ஆதரவாளர்களை உருவாக்குகிறது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுக் கட்டட ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை இடிக்கக் கூடாது என்றது. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தவர்கள் இன்றைய இளைஞர்களில் யாரும் அநேகமாக இருக்க முடியாது. அதன் சிவப்புச் செங்கலும் சிறு கோபுரங்களும் நமக்குப் பழக்கமானவை என்றால், அது சாலையிலிருந்து பார்த்ததாலும் படங்களில் பார்த்ததாலும் வந்த பழக்கம்.

மூன்றாவது பலம் மாணவர்களுக்கானது. கேமரா எங்களைக் காத்திருக்கப் பழக்குகிறது. மெரினாவை ஒட்டிய செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி போன்ற கட்டடங்கள் கடலைப் பார்த்து நிற்பவை. காலை வெயிலில் அவற்றின் முகப்பு முழுவதும் துலங்கும். மாலையில் அதே முகப்பு தட்டையாக, நிழலில் கிடக்கும். அவற்றை வடிவமைத்த சிசோம் தன் வளைவுகளுக்கும் ஆழமான தாழ்வாரங்களுக்கும் ஏன் அவ்வளவு இடம் கொடுத்தார் என்பது, வெயில் நகர நகர நிழல் சுவரில் இறங்குவதைப் பார்த்தால்தான் பிடிபடுகிறது. வகுப்பறைப் பலகையில் கற்க முடியாத பாடம் இது.

வெறுமை எங்கிருந்து வந்தது

இவ்வளவு பலமுள்ள கலை மனிதர்களை ஏன் வெளியே நிறுத்தியது? தொடக்கத்தில் அது விருப்பமல்ல, கட்டாயம். 1838-இல் ஒளிப்பட முன்னோடி டாகர் பாரிஸின் பூலவார் து தாம்ப்ளெ வீதியை ஒரு சன்னலிலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் நடப்பவர்களும் நிறைந்த வீதி அது. ஒளி பதிவாகப் பல நிமிடங்கள் ஆனதால் நகர்ந்தவை எதுவும் தகட்டில் நிற்கவில்லை. ஓரிடத்தில் நின்று தன் காலணிக்கு மெருகேற்றச் செய்துகொண்டிருந்த ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. ஒளிப்படத்தில் தெரியும் முதல் மனிதர் என்று அவரைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அன்றைய வேதியியலின் வரம்பு, பிறகு தொழிலின் வழக்கமானது. வழக்கம் நாளடைவில் ரசனையாக உறைந்துவிட்டது. இன்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படமெடுக்கிறோம். ஓடும் பேருந்தைக்கூட நிறுத்திவிடலாம். ஆனாலும் விடியற்காலையில் போங்கள், தெரு காலியாக இருக்கும் என்கிறது அறிவுரை. மிஞ்சியவர்களை மென்பொருளால் அழிக்கிறோம். டிரைப்பும் தன் நெகட்டிவ்களில் கையால் மேகம் தீட்டியவர்தான். ஆகவே திருத்துவது புதிதல்ல. எதைக் குறையாக எண்ணித் திருத்துகிறோம் என்பதே கேள்வி. மேகம் இல்லாதது அவருக்குக் குறை. மனிதர் இருப்பது நமக்குக் குறை.

செங்குத்துக் கோடுகளை நேராக்கும் பழக்கமும் இதே வகை. தரையில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடத்தின் பக்கக் கோடுகள் மேலே குவியும். ஷிஃப்ட் லென்ஸோ மென்பொருளோ அவற்றை நிமிர்த்திவிடும். வடிவத்தை அளந்து ஒப்பிட அது தேவைதான். ஆனால் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். 177 அடி உயரமுள்ள அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து வந்தவர்கள் உண்டு. பட்டணத்துக்கு வந்து இறங்கும் கதாநாயகனுக்குத் தமிழ்ப் படங்கள் சென்ட்ரலையும் எல்.ஐ.சி.யையும் காட்டின. அந்தக் கட்டடத்தின் பண்பாட்டு வரலாறே அண்ணாந்து பார்த்ததில்தான் இருக்கிறது. கோடுகளை நிமிர்த்திய படத்தில் கட்டடம் சரியாக இருக்கும். அதைப் பார்த்து வியந்த நகரம் இருக்காது.

எழும்பூர் சொல்வது

ஆளில்லாப் படத்தை விமர்சிப்பவர்கள் வழக்கமாகச் சமூக நோக்கில் பேசுவார்கள். கட்டடம் வேண்டும், மக்கள் வேண்டாமா என்பார்கள். அது நியாயமான கேள்வி. என் குறை அதற்கும் முந்தியது: மனிதர்களை நீக்கினால் கட்டடமே புரியாமல் போகிறது.

எழும்பூர் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை ஒப்பந்தத்தில் கட்டி, 1908-இல் திறக்கப்பட்ட நிலையம். சிவப்பு, வெள்ளை முகப்பும் குவிமாடங்களும் அஞ்சல் அட்டைக்கே பிறந்தவை போலிருக்கும். ஆனால் இங்கே விடியற்காலை அறிவுரை செல்லாது. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவெல்லாம் ஓடிவரும் ரயில்கள் வந்து சேர்வது அந்த நேரத்தில்தான். ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை, அல்வாப் பொட்டலம், தூக்கம் கலையாத குழந்தை, பேரம் பேசும் ஆட்டோக்காரர் என்று முகப்பு நிறைந்திருக்கும். கூட்டத்தோடு பார்த்தால்தான் முன்வாசல் மண்டபம் ஏன் அத்தனை ஆழமாக வெளியே நீள்கிறது என்று தெரியும். வண்டி ஏறும்வரை ஒரு குடும்பம் தன் மூட்டைகளோடு வெயிலிலும் மழையிலும் ஒதுங்க வேண்டிய இடம் அது. நடைமேடைகளுக்கு நடுவே வாகனங்கள் வருவதற்கு இந்த நிலையத்தில் ஒரு பாதை இருந்தது. காலியாக எடுத்தால் அது வெறும் அகலமான தரை. ரயில் பெட்டிக்கு அருகிலேயே கார் வந்து நிற்க, முதியவரைக் கைத்தாங்கலாக இறக்கும் காட்சியோடு எடுத்தால் அது ஒரு வடிவமைப்பு முடிவு.

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் மிஞ்சியிருக்கும் திண்ணைகளுக்கும் இது பொருந்தும். உட்கார ஆளில்லாத திண்ணை, படத்தில் சுவரோரம் உயர்ந்த ஒரு மேடைதான். அதன் உயரம் உட்காருபவரின் முழங்காலுக்கு ஏற்றது. அதன் அகலம் மதியத்தில் ஒருவர் படுக்கப் போதுமானது. உடல்தான் அதன் அளவுகோல். அளவுகோலை எடுத்துவிட்டுப் பொருளைக் காட்டினால் மாணவருக்கு எதுவும் விளங்காது.

ஆளைச் சேர்த்தால் போதுமா

போதாது. ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் எடுத்த ஸ்டால் இல்லத்தின் படம் உலகப் புகழ் பெற்றது. கண்ணாடி அறைக்குள் இரு பெண்கள் உட்கார்ந்திருக்க, கீழே நகரத்தின் விளக்குகள் விரிந்து கிடக்கும். அழகான படம்தான். அந்தப் பெண்கள் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர். படத்துக்காக உட்கார வைக்கப்பட்டவர்கள். மாணவர்களான நாங்களும் இதையே செய்கிறோம். கோயில் மதிலோரம் பூக்கட்டும் அம்மாவின் சேலை நிறம் கல்லுக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவரைச் சட்டகத்துக்குள் கொண்டுவருகிறோம். அவர் அங்கே எத்தனை ஆண்டுகளாக உட்கார்கிறார், நிழல் எந்தப் பக்கம் எப்போது வரும் என்று கேட்பதில்லை. கேட்டால் அந்த மதிலைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத செய்தி கிடைக்கும். அனுமதி கேட்பது மரியாதை. அதுவே ஆராய்ச்சியின் தொடக்கமும்கூட.

ஒளிப்படக் கலைஞர் இவான் பான் இதில் ஒரு மாற்றுவழியைக் காட்டியவர். வெனிசுவேலாவின் காரகாஸ் நகரில், முடிவுறாமல் நின்ற 45 மாடிக் கோபுரம் டோரே டேவிட். வீடற்ற குடும்பங்கள் 2007 முதல் அதில் குடியேறின. செங்கல் வைத்து அவர்கள் தடுத்துக்கொண்ட அறைகளையும், மாடியில் நடத்திய கடைகளையும் பான் படமெடுத்தார். அந்தப் படங்கள் இடம்பெற்ற காட்சி 2012-இல் வெனிஸ் கட்டடக்கலை பியென்னாலேயில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. கட்டடம் என்பது கட்டி முடித்த நாளோடு நிற்பதல்ல என்பதற்கு அவை வலுவான சான்று. அதே படங்கள் வறுமையைக் காட்சிப்பொருள் ஆக்கின என்ற விமர்சனமும் எழுந்தது. 2014-இல் அரசு குடும்பங்களை வெளியேற்றத் தொடங்கியபோது அந்த விருது யாரையும் அங்கே தங்கவைக்கவில்லை.

நம் ஊர்க் கண்ணகி நகரும் இதே சிக்கலை எழுப்புகிறது. ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டுவாக்கிலிருந்து குடியமர்த்தப்பட்ட பகுதி அது. 2020-இல் அதன் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அதுவரை வசைச்சொல் போலவே உச்சரிக்கப்பட்ட பெயர், கேமராவோடு வருபவர்களை ஈர்க்கத் தொடங்கியது. அங்கே வாழும் பிள்ளைகளுக்கு அது தரும் பெருமிதத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சுவரில் நிற்கும் படம் சுவருக்குள் போவதில்லை. வீடு எத்தனை சிறியது, வேலைக்குப் போக எத்தனை தொலைவு என்பவை ஓவியத்தின் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

வெறுமையே ஒரு முறையாகும்போது

எதிர்த்தரப்பின் வாதத்தையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் பல பத்தாண்டுகள் நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஆளில்லாமலே எடுத்தார்கள். மேகமூட்டமான வானம், நேர்முகக் கோணம், நிழலற்ற ஒளி. ஒரே வகைக் கட்டுமானங்களை வரிசையாக அடுக்கிக் காட்டியபோது, யாரும் கவனிக்காத தொழிற்சாலைப் பொருள்களில் வடிவத்தின் இலக்கணம் தெரிந்தது. அங்கே வெறுமை ஒரு தெளிவான நோக்கத்துக்காகத் தேர்ந்த கட்டுப்பாடு. இதைச் சென்னைக்கு யாரும் செய்யலாம். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகளை அப்படி வரிசைப்படுத்தினால், மரபுக் கட்டடப் பட்டியல்கள் திரும்பிப் பார்க்காத ஒரு பெரிய கட்டட மரபு கண்ணுக்குத் தெரியும். ஆகவே நான் எதிர்ப்பது வெறுமையை அல்ல, யோசிக்காமல் கைக்கொண்ட வெறுமையை.

அந்த யோசனையின்மைக்கு விலை உண்டு. படத்துக்கு ஏற்ற கட்டடமே காக்கத் தக்கது என்ற எண்ணம் மெல்ல ஊன்றிவிடுகிறது. 2003-இல் ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது, அதைத் தடுக்க முன்னால் நின்றவர்கள் மாணவிகள். திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் காப்பாற்ற நினைத்தது முகப்பை மட்டுமல்ல. 1914 முதல் பெண்கள் படித்த வகுப்பறைகளையும், கடற்காற்று வரும் தாழ்வாரங்களையும், அங்கே கழிந்த தங்கள் இளமையையும் சேர்த்துத்தான். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்குத் தோற்றம் துணை நின்றது. ராணி மேரிக்குப் புழக்கம் துணை நின்றது. இந்த இரண்டாவது வகை மதிப்பைப் பதிவு செய்ய நம் படக்கலைக்கு இன்னும் மொழி போதவில்லை.

அந்த மொழியைக் கல்லூரிகளிலேயே பழக்கலாம். ஒரு கட்டடத்துக்கு ஒரு சிறந்த படம் என்று மதிப்பெண் போடுவதை விட்டு, ஒரே இடத்தில் கேமராவை வைத்துக் காலை, உச்சிவெயில், மாலை, இரவு என்று எடுத்த வரிசையைக் கேட்க வேண்டும். எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் தளவரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். முகப்போடு பின்வாசலையும் கட்டாயமாக்கலாம். படத்தின் கீழே கட்டியவர் பெயரும் ஆண்டும் எழுதுவதுபோல, இப்போது யார் புழங்குகிறார்கள், எதற்கு என்பதையும் எழுதச் செய்யலாம். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நேரமும் பேச்சும் போதும்.

எழும்பூரில் இப்போது மறுசீரமைப்புப் பணிகள் நடந்துவருகின்றன. பழைய முகப்பின் மேல் எல்லோருக்கும் அக்கறை உண்டு. ஆயிரக்கணக்கான படங்களும் உண்டு. நடைமேடையில் மூட்டையோடு காத்திருக்கும் முறை, வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் இடம், கூலித் தொழிலாளர்கள் கூடும் மூலை ஆகியவை மாறினால் அவற்றை மீட்க எந்தப் பழைய படமும் உதவாது, ஏனெனில் நாம் அவற்றை எடுக்கவே இல்லை. டிரைப்புக்கு அது முடியாமல் போனதற்கு வேதியியல் காரணம். நமக்கு அந்தக் காரணம் இல்லை. ஆகவே நாளைய ஆராய்ச்சியாளர் இன்றைய சென்னையைப் படங்களில் தேடும்போது ஆளற்ற நகரத்தைக் கண்டால், அதற்குப் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகவே இருக்கும்.