உடையா, கருவேலா?

மதுரையிலிருந்து நான்கு வழிச்சாலையில் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் கங்கைகொண்டான் பக்கம் வரும்போது ஜன்னலை விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெறும் முள்ளுக்காடுதானே என்ற நினைப்பு. வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒருமுறை இறங்கி நின்று பாருங்கள். வெறும் முள்ளாகத் தெரிவதில் நான்கு வகை மரம் இருக்கிறது.

முதலில் உடை. அரை மைல் தூரத்திலேயே தெரியும். குடையை விரித்து நட்டு வைத்தாற்போல உச்சி தட்டையாகப் பரந்திருக்கும். குடைவேல் என்று ஒரு பெயரும் உண்டு. கிட்டப் போய்க் கொப்பைப் பாருங்கள். வெளுத்து நீண்ட நேர்முள்ளும் கொக்கியாய் வளைந்த குட்டை முள்ளும் ஒரே கொப்பில் கலந்திருக்கும். நேர்முள் குத்தும், வளைமுள் வேட்டியைப் பிடித்தால் விடாது. நெத்து சுருண்டுகொண்டிருக்கும். ஆட்டுக்காரர் தொரட்டியால் உலுக்கினால் மந்தை முழுக்க ஓடிவரும். சங்கப் பாடல்களில் இடம்பெற்ற மரம் இது. நம் தென்கோடிக் கரிசலுக்கும் தேரிக்கும் இதைவிடப் பொருத்தமான அழகு இல்லை என்பேன்.

கருவேலைப் பார்க்கக் குளத்துக்குப் போக வேண்டும். பட்டை கறுத்து வெடித்திருக்கும். பூ மஞ்சள் உருண்டை, மெல்லிய வாசம் உண்டு. ஐயம் வந்தால் நெத்தைப் பாருங்கள். விதைக்கு விதை இடுப்புச் சிறுத்து, மணி கோத்ததுபோல் தொங்கும். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நின்றாலும் பட்டுப்போகாது. கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகள் இந்த மரங்களிலும் கூடு கட்டும்.

வெள்வேலுக்குப் பட்டையே அடையாளம்; வெளிறிக் கிடக்கும். முன்பு சாராய ஊறலில் போட்டது இந்தப் பட்டையைத்தான். ஆவணி, புரட்டாசியில் கொப்பு நுனியெல்லாம் வெளிர்மஞ்சள் பொடிப்பூக்கள் பெரிய கொத்தாய்ப் பூத்திருக்கும். நெத்து தட்டை.

நான்காவது சீமைக்கருவேல். அதற்கு உருண்டைப் பூவே கிடையாது. விரல் நீளக் கதிராகப் பூக்கும். மற்ற மூன்றிலிருந்தும் பிரிக்க அது ஒன்றே போதும். அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து, சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. இனிக்கும் நெத்தை ஆடுமாடு தின்று, சாணத்தோடு விதை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது கண்ணுக்கு மட்டும் நல்லதல்ல. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்ன பிறகு ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. முள் எல்லாம் சீமைதான் என்று நினைக்கிறவர் கையில் இயந்திரம் இருந்தால் உடையும் வெள்வேலும் சேர்ந்தே சாயும். ஒரு உடைமரம் குடையாக விரிய எத்தனையோ வருஷம் வேண்டும். கங்கைகொண்டானில் 2013-இல் புள்ளிமான் சரணாலயம் அறிவித்தார்கள். சுமார் 288 ஹெக்டேர். அங்கே மானுக்கு நிழலும் மறைவும் இப்படிப்பட்ட முள்ளுக்காடுதான்.

உங்கள் ஊர்க் குளத்தில் மரம் அகற்ற ஆள் வரும் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். கூடவே போய், பூவையும் நெத்தையும் காட்டி, "இது உடை, இதை விட்டுடுங்க" என்று சொல்லுங்கள்.