அறிவுச் செல்வத்தில் நம் பங்கு

பல்கலைக் கழகங்களே இனி நாட்டின் செல்வத்தை விளைக்கும் நிலம் என்றும், ‘அறிவுப் பொருளாதாரம்’ இந்நூற்றாண்டின் புதுமை என்றும் மேடைகளிற் பேசுவோர் பலர். புதுமை என்பதை நாம் ஒப்புவதற்கில்லை. பேராவில் அது நூறாண்டுக்கு முன்பே நடந்தது. அதிற் கூலிக்கு நின்றவர் நாம்.

கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் காட்டப்படுகிறது. நட்டு இருபதாண்டளவும் அம்மரங்களால் எவரும் செல்வரானாரில்லை. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பார் ஆராய்ந்து கண்ட பின்னரே காடுகள் தோட்டங்களாயின. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. இலாபம் கம்பெனிகளைச் சேர்ந்தது. இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் நின்ற தமிழனுக்கும் தமிழச்சிக்கும் நாட்கூலி. கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் செல்லலாம், எங்கே சென்றால் மரம் புண்படும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தோர் அவரே. அதனை அறிவென்று எவரும் கணக்கிட்டாரில்லை.

அறிவு யார் கையிலிருக்கிறது என்னும் கேள்வியை நம் முன்னோர் ஒருமுறை கேட்டதுண்டு. 1949-இல் தோன்றிய மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்னும் யோசனை எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணியார் வெகுண்டெழுந்து, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் கொடுத்தனர். (திருவிழாவுக்கு வாரியிறைக்கும் நம்மவர் நூலகத்துக்குக் கொடுத்தது அரிதினும் அரிது!) 1956-இல் தொடங்கிய அத்துறையில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1966-இல், தனிநாயக அடிகள் அதன் தலைவராயிருந்த காலத்தில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிற் கூடிற்று.

சங்கநூல் ஆராய்ச்சி நன்றே. அதைக் குறை கூறோம். ஆயின் மங்கு, நிரை, ஒட்டுப்பால் என்னும் சொற்களோடு வாழ்ந்தவர் தொழிலறிவும் அந்த ஆராய்ச்சிக்கு உரியதே. பேராத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பால் வெட்டிய மூதாட்டியர் ஈப்போவில் பிள்ளைகள் வீட்டில் முதுமையைக் கழிக்கின்றனர். தஞ்சோங் மாலிமிலும் கம்பாரிலும் இன்று பல்கலைக் கழகங்கள் உள. பேத்தி பட்டத்துக்கென எழுதும் ஆய்வேடு பாட்டியின் வாய்மொழியிலிருந்து தொடங்கலாகாதா? பேராசிரியர்கள் மாணவரை விடுமுறைதோறும் அம்முதியோரிடம் அனுப்பட்டும். ‘இதிலென்ன படிப்பு? வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோரும் தடுக்காதிருக்கட்டும்.