பால்வாடிக்கு இன்னொரு டீச்சர்

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளைக் குறை சொல்பவர்கள்கூட அங்கே போடும் சாப்பாட்டைப் பெரிதாகக் குறை சொல்வதில்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தோடு, 1980-இல் உலக வங்கி உதவியுடன் வந்த ஊட்டச்சத்துத் திட்டமும் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் சேர்ந்துகொண்டதால், இங்கே பால்வாடி என்றாலே சோறும் முட்டையும்தான் முதலில் நினைவுக்கு வரும். கர்ப்பிணிக்குச் சத்துமாவு, பிள்ளைக்கு மதியச் சாப்பாடு, மாதாமாதம் எடை, தடுப்பூசி என அத்தனையும் நடக்கும் தூரத்தில், ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. மாநிலத்தில் இப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் கூரை ஒன்று என்பதுபோல ஆளும் ஒருவராகவே இருந்துவிட்டார், சிக்கல் அங்கேதான்.

அந்த ஒருவர் வருகையைப் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், எடையும் உயரமும் குறிக்க வேண்டும், மாவுப் பாக்கெட்டின் இருப்பைப் பதிவேட்டில் எழுத வேண்டும், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்வர வேண்டும். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் அந்தப் படிவக் கட்டும் பல இடங்களில் அவர் கைக்கே வருகிறது. உதவியாளர் இருக்கிறாரே என்று கேட்கலாம். அவர் அரிசி களைந்து உலை வைத்து, முட்டை உரித்து, பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுப் பாத்திரம் துலக்கி நிமிர்வதற்குள் மதியம் தாண்டிவிடும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டம் போட்டுக் கொடுத்தாயிற்று. அதை நடத்தும் நேரம்தான் யாரிடமும் இல்லை.

இந்த நேரத்துக்கு என்ன விலை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. பொருளியலாளர்கள் கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதிக்கு அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கட்டடமோ உணவோ மாறவில்லை. 18 மாதம் கழித்துப் பார்த்தால் கற்பிக்கும் நேரம் இரு மடங்காகியிருந்தது. மையத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவு உயர்ந்திருந்தது. கல்வி ஆய்வுகளில் இந்த அளவு உயர்வு அபூர்வம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு முடிவு: வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டக்குறையும் அந்த மையங்களில் குறைந்தன. பாடம் நடத்த ஆள் வந்ததும் பழைய பணியாளருக்கு எடையையும் உணவையும் கவனிக்கக் கை ஒழிந்தது. கல்விக்குச் செலவழித்தால் ஊட்டச்சத்து அடிபடும் என்ற பயம் அடிப்படையற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. மையத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளையும் சேர்த்து வீடுவீடாக எடுத்த தேர்வில் முன்னேற்றம் கணிசமாகக் குறைவு. ஆள் போட்டால் மட்டும் போதாது, பிள்ளை வரவும் வேண்டும் என்பதே அதன் பொருள். தகுதியில்லாதவரை டீச்சராக்குவதா என்பது இன்னொரு கேள்வி. பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் மேற்சொன்ன பலன் பெரிய பட்டதாரிகளால் வந்ததல்ல, அந்தந்தப் பகுதிப் பெண்களால் வந்தது. பணம் எங்கே என்பதுதான் உண்மையான தடை. கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் கட்டாயமாகிறது; அதற்குக் கீழே உள்ளதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்ற மத்திய அரசின் உணவு வரம்பு 2017-இல் போட்டது. பணியாளருக்கு அது வகுத்த 4,500 ரூபாய் மதிப்பூதியம் 2018-இல் வந்தது. தமிழகம் தன் பணத்தைச் சேர்த்துக் காலமுறை ஊதியம் தருவதால்தான் இங்கே நிலைமை பரவாயில்லை. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் மாநிலத்திடம் இன்னும் கேட்பது நியாயமா? கணக்குப்படி நியாயமே. மிகச் சிக்கனமாக மதிப்பிட்டாலும் பலன் செலவை வெகுவாக மிஞ்சும் என்கிறது அதே ஆய்வு.

அரசு முயலாமலும் இல்லை. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பெற்றோர் தனியார் நர்சரியைத் தேடி ஓடுவதைப் பார்த்து எடுத்த சரியான முடிவு அது. ஆனால் புதிய பணியிடம் உருவாக்காமல், உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்கள் இதைப் பதவியிறக்கமாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 2022-இல் அவர்களைத் திரும்ப அழைத்து, வகுப்புகளையே மூடப்போவதாகப் பேச்சு எழுந்து, எதிர்ப்பு கிளம்பியதும் மாதம் 5,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். சோற்றுக்கு நிலையான ஒதுக்கீடு, படிப்புக்கு மட்டும் இந்த ஒட்டுவேலை. இனி இரண்டாம் பணியாளரைக் கேட்கும்போது சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. செயலி, கணக்கெடுப்பு, தேர்தல் பணி எதிலும் அவரைச் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையும் அரசாணையிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாக்காளர் பட்டியல் திருத்தத்திலேயே அவர் கையிலும் ஒரு படிவக் கட்டு இருக்கும்.