வாசிப்பவனும் விளையாடுபவனும்: ஒரு பழைய சிறுவர் நூலை முன்வைத்து

சிறுவர் இலக்கியம் என்றதும் கதை, பாடல், நாடகம் என்பவற்றோடு நாம் நின்றுவிடுகிறோம். கணனிக்குச் செய்நிரல் எழுதப் பழக்கும் நூலொன்றையும் அவ்வரிசையில் வைக்கலாமா? 1982இல் இங்கிலாந்தின் உஸ்போர்ன் பதிப்பகம் வெளியிட்ட 'கொம்பியூட்டர் ஸ்பேஸ்கேம்ஸ்' நூலை வாசித்தபின், வைக்கலாம் என்றே தோன்றுகிறது. டானியல் ஐசமன், ஜெனி டைலர் இருவரும் எழுதியது. 2016இல் பதிப்பகத்தார் இதனை இலவசமாகப் பதிவிறக்க அனுமதித்ததால் என் கைக்கும் எட்டியது.

அது வீட்டுக் கணனிகள் அறிமுகமான காலம். 1981இல் வந்த இசட்.எக்ஸ்.81 எழுபது பவுணுக்குள் கிடைத்தது. அதன் நினைவகம் ஒரேயொரு கிலோபைற். வீட்டுத் தொலைக்காட்சியே திரை, ஒலிநாடாவே சேமிப்பகம். நூலைப் பார்த்து, பேசிக் மொழியில் வரிவரியாகத் தட்டெழுதினால்தான் விளையாட்டு. கணனிக்குக் கணனி அந்த மொழி சற்று வேறுபடும். எந்த வரியை எதற்கு மாற்றுவது என்பதை நட்சத்திரம், முக்கோணம் போன்ற குறியீடுகளால் நூல் காட்டுகிறது. எழுத்தொன்று பிசகினாலும் விளையாட்டு நின்றுவிடும். பிழையைத் தேடுவதற்காகவே பிள்ளை மீண்டும் வாசித்தது.

முதல் விளையாட்டு எளியது. விண்கலம் கிளம்ப வேண்டும். ஈர்ப்பு 1 முதல் 20 வரையான ஓர் எண்; அது திரையில் தெரியும். எடை 1 முதல் 40 வரை, அது மறைந்திருக்கும். இரண்டின் பெருக்கமே தேவையான விசை. பத்துத் தடவைக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கூடியதா குறைந்ததா என்று மட்டும் கணனி சொல்லும்.

நூலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. விளையாட மட்டும் தெரிந்தவனுக்கு விடை 800 எண்களுக்குள் எங்கோ இருக்கிறது. செய்நிரலை வாசித்தவனுக்கோ விடை ஈர்ப்பின் மடங்காகவே இருக்க முடியும் என்பது தெரியும். அவனுக்கு 40 எண்களே மிச்சம். பாதிபாதியாகக் கழித்தால் ஆறு தடவை போதும். வாசிப்பவனுக்கு நூல் தரும் பரிசு இது. அதோடு விடாமல், வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து விளையாட்டைக் கடினமாக்கும் வழியையும் சொல்லிக் கொடுக்கிறது.

குறைகளும் உண்டு. வண்ணப் படங்கள் காட்டும் அண்டவெளிக்கும் திரையில் தோன்றும் நாலைந்து சொற்களுக்கும் வெகுதூரம். அதைவிட உறுத்துவது, அன்னியன் என்றால் பகைவன் என்ற எண்ணம் பல விளையாட்டுகளிலும் கேள்வியின்றி வருவது. கற்பனைக்கு இவ்வளவு இடம் கொடுத்த நூல், அன்னியனோடு பேசிப் பார்க்கும் ஒரு விளையாட்டையாவது தந்திருக்கலாம்.

இந்நூல் என்னைத் தொட்டதற்கு வேறு காரணமுண்டு. ஆசிரியர் கலாசாலையில் நான் கணனியின் பாகங்களை வரைந்து, பெயர் குறித்துப் புள்ளி வாங்கினேன். ஒரு வரி செய்நிரல் எழுதியதில்லை. பல வருடங்கள் அப்படியே கற்பித்தும் வந்தேன். மனனம் செய்த பிள்ளை சித்தியடைந்தது. பிழைவிட்டுத் திருத்திப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் நான் நேரம் கொடுக்கவில்லை.

அண்மையில் இந்த விளையாட்டைக் கரும்பலகையில் நடத்தினேன். கணனி நானே. ஈர்ப்பு 7 என்று எழுதினேன். முதற் சுற்றில் பிள்ளைகள் தோற்றார்கள். பிறகு செய்நிரலை எழுதிக் காட்டினேன். அடுத்த சுற்றில் ஆறாவது தடவையில் பிடித்துவிட்டார்கள். அப்போது, வழமையாக வாய் திறவாத ஒரு பையன் எழுந்தான்.

"சேர், அந்தப் பத்தை அஞ்சாக்கினா நீங்க வெல்லுவீங்களா?"

எல்லோருமாய் எண்ணிப் பார்த்தோம். ஐந்து தடவையில் 31 எண்களைத்தான் நிச்சயமாகப் பிடிக்கலாம். நாற்பதில் ஒன்பது தப்பும். எனக்கும் வெல்ல ஓர் இடம் இருந்தது. அந்த நூலை அவன் கண்டதேயில்லை. ஆனால் அது தன் வாசகனிடம் எதிர்பார்த்த கேள்வியை அவன் கேட்டுவிட்டான்.